சுளுக்குத்தானே என்கிறார்கள்!



நகரத்தின் மேற்கே, கோகாப்பேட்டை பக்கம், வானத்தை முட்டுகிற மாதிரி கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றில் சென்ட்ரிங் வேலை பார்த்தவர் நம்மவர், விழுப்புரம் பக்கத்துக்காரர். சாரத்திலிருந்து இறங்கும்போது கடைசிப் படியில் கால் மடங்கிவிட்டது. எலும்பு முறியவில்லை, ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. கணுக்கால் மட்டும் பனங்காய்போல் வீங்கியது. மேஸ்திரி வந்தார். அவரும் தமிழர்தான். குனிந்து பார்த்தார், சிரித்தார்.

"சுளுக்குத்தானே தம்பி! ஒரு வலி மாத்திரையைப் போட்டுக்கிட்டு ஏறு. தட்டு முட்டுக் கொடுக்க ஆள் இல்லைன்னா இன்ஜினியர் என் கழுத்தில உக்காருவான்."

"ஒரு வாரம் பொறுத்துக்குங்க அண்ணே. கால ஊன முடியல."

"ஒரு வாரமா? உன் இடத்துக்கு நாளைக்கே பீகார்க்காரன் வந்து நிப்பான். அப்புறம் என்னைக் கேக்காதே."

நம்மவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏறினார். ஒன்பதாம் நாள் அதே கால் மறுபடி மடங்கியது. இந்த முறை அவரால் எழுந்திருக்கவே முடியவில்லை. ஏழு நாள் ஓய்வு கேட்டவர் நாலு மாதம் ஊரில் முடங்கிக் கிடந்தார். மனைவியின் தோடு அடகுக்குப் போனது. இன்றைக்கும் மாடிப்படி ஏறும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறார். சாரத்தில் ஏறுகிற பிழைப்பு அவருக்கு முடிந்துபோய்விட்டது.

இதற்கு யார் பொறுப்பு? மேஸ்திரியா? காண்டிராக்டரா? சட்டமா? அல்லது "சுளுக்குத்தானே" என்று நம்மை நாமே சமாதானப்படுத்திக்கொள்ளும் நம்முடைய புத்தியா? நால்வரையும் இந்த இதழில் கூண்டில் ஏற்றுகிறோம்.

சாவுக்கு விலை உண்டு, சுளுக்குக்கு இல்லை!

2025 ஜூன் 30ஆம் தேதி பாசமைலாரத்தில் சிகாச்சி மருந்துத் தொழிற்சாலை வெடித்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம்மைப்போல் வெளி மாநிலத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். மந்திரிகள் ஓடி வந்தார்கள். நிவாரணம் அறிவித்தார்கள். அறிவிக்கத்தான் வேண்டும், அதில் நமக்கு மறுப்பில்லை.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நம்மில் வெடி விபத்தில் சாகிறவர் எத்தனை பேர்? தோள்பட்டை இறங்கியும், முழங்கால் திரும்பியும், மணிக்கட்டு பிசகியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிந்துபோகிறவர் எத்தனை பேர்? சிமெண்டு மூட்டை தூக்குகிறவருக்குத் தோள். டைல்ஸ் பதிக்கிறவருக்கு முழங்கால். டிபன் கடையில் மாவு கரைத்துத் தோசைக்கல்லைத் தேய்க்கிறவருக்கு மணிக்கட்டு. நாலு வீட்டில் பாத்திரம் துலக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இடுப்பும் கையும். இவர்கள் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. இவர்களுக்காக எந்த மந்திரியும் ஓடி வருவதில்லை. ஒரு நாள் ஊருக்கு ரயிலேறிவிடுகிறார்கள், அவ்வளவுதான் செய்தி.

சுளுக்கு என்றால் என்ன? இரண்டு எலும்புகளை மூட்டில் இழுத்துக் கட்டியிருக்கும் நார், அளவுக்கு மீறி இழுபடுவது. சில சமயம் பாதி கிழிவது. சில சமயம் முழுதும் அறுவது. லேசாக இழுபட்டிருந்தால் ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் தேறும். பாதி கிழிந்திருந்தால் அதற்கும் மேல் வாரங்கள் பிடிக்கும். அறுந்திருந்தால் மாதக்கணக்கு. வெளியே பார்த்தால் மூன்றும் வீக்கம்தான். மேஸ்திரியின் கண்ணுக்கு எப்படி வித்தியாசம் தெரியும்?

ஆறாத நாரின்மேல் பாரம் ஏற்றினால் அது தளர்ந்தபடியே ஆறும். தளர்ந்த மூட்டு மறுபடி மறுபடி பிசகும். ஒருமுறை மடங்கிய கணுக்கால் மறுமுறை மடங்குவதற்கு வாய்ப்பு அதிகம் என்பது மருத்துவர்கள் எல்லோரும் சொல்வது. வலி மாத்திரை நாரை ஒட்டவைப்பதில்லை. "நிறுத்து" என்று உடம்பு போடும் கூச்சலைத்தான் அது அடக்குகிறது. வெறும் வயிற்றில் நாள் கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண்ணும், சிறுநீரகத்துக்குக் கேடும் தனி.

மூன்று நாள் கணக்கின் சூது

இனி சட்டத்துக்கு வருவோம். தூக்கம் வருகிறதே என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நம் கூலி பறிபோவது இந்த இடத்தில்தான்.

1923ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு மே முதல் நாள் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கொடியை ஏற்றினார். அதே ஆண்டில்தான் வெள்ளைக்கார அரசாங்கம் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வேலையில் அடிபட்டால் முதலாளி ஈடு கொடுக்க வேண்டும் என்றது சட்டம். ஆனால் குறிப்பிட்ட சில நாளுக்கு மேல் நீடிக்காத காயத்துக்கு முதலாளி பொறுப்பல்ல என்றும் ஒரு சந்தை அதிலேயே வைத்தது. தற்காலிக முடக்கத்துக்கு அரை மாதத்துக்கு ஒரு தடவை, மாதக் கூலியில் நூற்றுக்கு 25. அதாவது, கிடைத்தாலும் பாதிக் கூலி!

வெள்ளைக்காரன் போனான். சட்டத்தின் பெயர் மாறியது. இப்போது பழைய தொழிலாளர் சட்டங்களை எல்லாம் நாலு தொகுப்பாகச் சுருட்டி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறை என்று மத்திய அரசு அறிவித்துவிட்டது. நூறு ஆண்டு கழிந்தும் அந்தச் சந்து மட்டும் மூன்று நாள் கணக்காகச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் உட்கார்ந்திருக்கிறது!

இ.எஸ்.ஐ. சட்டம் இதைவிட மேலானது. 1944இல் பேராசிரியர் அடார்கர் கொடுத்த அறிக்கையிலிருந்து பிறந்து, 1948இல் சட்டமாகி, 1952 பிப்ரவரி 24இல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிய திட்டம் அது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்குப் பொருந்தும். நம் சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய், முதலாளியிடமிருந்து நூற்றுக்கு 3 ரூபாய் 25 காசு. வேலையில் அடிபட்டுப் படுத்தால், டாக்டர் சான்று தரும் நாள் வரைக்கும் கூலியில் நூற்றுக்கு 90. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. வேலைக்குச் சம்பந்தமில்லாத நோய் என்றால், சந்தா நிபந்தனை நிறைவேறியிருந்தால், ஆண்டில் 91 நாள் வரை நூற்றுக்கு 70.

இதிலும் மூன்று நாள் உண்டு. அடிபட்ட நாளை விட்டுவிட்டுக் குறைந்தது மூன்று நாளாவது முடங்கினால்தான் இந்த உதவி. இரண்டே நாளில் எழுந்து ஓடினால் ஒன்றுமில்லை. இப்போது புரிகிறதா, "ரெண்டு நாள் படுத்துட்டு வந்துடு தம்பி" என்று காண்டிராக்டர் ஏன் இவ்வளவு அன்பாகச் சொல்கிறார் என்று?

இன்னொரு சூதும் இருக்கிறது. அடிபட்டவர் 48 மணி நேரம் வேலை செய்ய முடியாமற்போனால் அந்த விபத்தை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. புதிய தொகுப்பும் சொல்கிறது. ஆகவேதான், "வேலை செய்ய வேண்டாம்பா, சும்மா வந்து கையெழுத்துப் போட்டுட்டு ஓரமா உக்காரு" என்கிறார்கள். இது கருணை என்று நம்மவர் நெகிழ்ந்துபோகிறார்கள். கருணை அல்ல ஐயா! உங்கள் கையெழுத்து விழுந்துவிட்டால் அங்கே விபத்தே நடக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாள் கூலி 800 என்று வைத்துக்கொள்ளுங்கள். 26 நாளுக்கு 20,800. இ.எஸ்.ஐ.யில் பதிந்திருந்தால் நம் பங்கு மாதம் 156 ரூபாய். முதலாளி பங்கு 676. கால் மடங்கினால் நாளொன்றுக்குச் சுமார் 720 ரூபாய், வீட்டில் இருந்தபடியே. வெறும் 676 ரூபாயை மிச்சம் பிடிப்பதற்காக நம் பெயரைப் பதிவேட்டில் ஏற்றாமல் விடுகிறார்கள். பத்து பேருக்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில், மேஸ்திரிக்குக் கீழே மேஸ்திரி என்று ஆளைப் பிரித்துக் காட்டி, ஒவ்வொருவனிடமும் எட்டுப் பேர்தான் என்று கணக்கு எழுதுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் உழைத்தவன் கால் மடங்கிய அன்றுதான் தன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை என்று தெரிந்துகொள்கிறான்.

வந்தவனுக்கு வேறு நியாயமா?

மாநிலம் விட்டு மாநிலம் வந்த தொழிலாளிக்கென்று 1979இல் ஒரு சட்டம் வந்தது. ஒரிஸ்ஸாவிலிருந்து கூட்டம் கூட்டமாக அழைத்துச் செல்லப்பட்ட 'தாதன்' தொழிலாளிகளின் கண்ணீர் எழுதிய சட்டம் அது. காண்டிராக்டர் மூலம் வந்தவருக்கு இலவச மருத்துவ வசதி, மாதக் கூலியில் பாதி அல்லது 75 ரூபாய், எது அதிகமோ அது, இடப்பெயர்வுப் படியாக! ஹைதராபாத்தில் அந்தப் படியை வாங்கிய தமிழர் யாராவது இருந்தால் சங்கத்துக்கு வந்து சொல்லுங்கள், மாலை போடுகிறோம். கொடுக்காமலே இருந்த அந்தப் படியைப் புதிய தொகுப்பு சட்டத்திலிருந்தும் துடைத்துவிட்டது. உயிர் போனாலோ, படுகாயம் பட்டாலோ இரண்டு மாநிலத்துக்கும் தகவல் தர வேண்டும் என்கிறது. சுளுக்கு படுகாயம் இல்லையே! ஆகவே தகவலும் இல்லை.

கடைகளிலும் ஓட்டல்களிலும் வேலை பார்க்கும் தம்பிகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. ஆந்திரப் பிரதேசம் ஒன்றாக இருந்தபோது, 1988இல் வந்த கடைகள், நிறுவனங்கள் சட்டம்தான் தெலங்கானாவிலும் நடக்கிறது. நோய்க்கோ, அடிபட்டதற்கோ ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு என்று அதில் எழுதியிருக்கிறது. 'அடிபட்டதற்கு' என்ற சொல்லே அதில் உண்டு. உங்கள் முதலாளி இதுவரை சொல்லியிருக்கிறாரா? சொல்ல மாட்டார். நாம்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும்.

வீட்டு வேலை செய்யும் நம் சகோதரிகளுக்கோ இந்தப் பன்னிரண்டு நாளும் கிடையாது. வீட்டுத் தொழிலாளருக்கான சர்வதேச உடன்படிக்கை 2011இலேயே வந்துவிட்டது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. மணிக்கட்டு வீங்கினால் அக்கா என்ன செய்வார்? பக்கத்து வீட்டுப் பெண்ணைத் தன் இடத்துக்கு அனுப்புவார். திரும்பிப் போகும்போது அந்த வேலையே பக்கத்து வீட்டுப் பெண்ணுடையதாகியிருக்கும்!

நாமும் சேர்ந்து செய்யும் பிழை

முதலாளியை மட்டும் ஏசிவிட்டுக் கை கழுவிக்கொள்ள இந்த ஏடு நடத்தப்படவில்லை. நம் முதுகையும் பார்ப்போம்.

"ஆம்பளைக்கு இது ஒரு வலியா?" என்று கேட்பது யார்? நாம்தான். கால் வீங்கிப் படுத்திருப்பவனை, "என்னப்பா, மாப்பிள்ளை விருந்தா?" என்று கேலி செய்வது யார்? நம் லைன் வீட்டுக்காரர்கள்தான். ஊருக்குப் போன் போட்டால், "இந்த மாசம் பணம் வரலியே" என்பதுதான் முதல் கேள்வி; கால் எப்படி இருக்கிறது என்பது கடைசிக் கேள்வி.

கோகாப்பேட்டை மேஸ்திரி "பீகார்க்காரன் வந்து நிப்பான்" என்று மிரட்டினாரே, அந்தப் பீகார்த் தம்பியின் கால் மடங்கினால் அவனுக்கு என்ன சொல்வார்? "ஒரியாக்காரன் வந்து நிப்பான்" என்பார். ஒருவன் காலை இன்னொருவனுக்குக் காட்டி மிரட்டுவதுதான் காண்டிராக்டர் கையில் உள்ள சவுக்கு. நம்மில் மேஸ்திரியாக உயர்ந்தவர்கள் அந்தச் சவுக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். தமிழ் பேசுகிற வாயால் மிரட்டினால் வலிக்காதா?

வைத்தியத்திலும் பிழை செய்கிறோம். அடிபட்ட அன்றே வெந்நீர் ஊற்றி, தைலம் போட்டு, நாலு பேர் பிடித்து நீவி, வீக்கத்தை இரட்டிப்பாக்குகிறோம். முதல் இரண்டு மூன்று நாள் குளிர் ஒத்தடம், இறுக்கமில்லாத கட்டு, காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தல், பாரம் தராத ஓய்வு. பிறகு வலி தாங்குகிற அளவுக்கு மெல்ல மெல்ல அசைவு. இதுதான் முறை. நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணுவின் எலும்புமேல் விரல் வைத்தால் உயிர் போகிறது என்றாலோ தயங்காமல் எக்ஸ்ரே எடுங்கள்.

புத்தூர்க் கட்டுக்குப் போகிறவர்களைக் குறை சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டு எல்லை ஓரத்துப் புத்தூரின் பெயர் சென்னையிலும் இங்கேயும் பலகை பலகையாகத் தொங்குகிறது என்றால் மக்களுக்கு அதில் நம்பிக்கை இருக்கிறது என்றுதான் பொருள். ஆனால் எந்தக் கட்டும் ஓய்வைக் கட்டாயப்படுத்துகிறது என்பதுதான் அதன் பாதிப் பலன். கட்டோடு சாரம் ஏறினால் புத்தூர்க்காரர் என்ன செய்வார், பெரியாஸ்பத்திரி டாக்டர்தான் என்ன செய்வார்?

ஏமாற்றுகிறவன் இருக்கிறானே என்பார்கள்

"ஓய்வு, ஓய்வு என்று சலுகை கொடுத்தால் எல்லோரும் நொண்டிக்கொண்டு வருவார்கள்" என்பது முதலாளிகள் பாட்டு. பொய் சொல்கிறவன் ஒருவனும் இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. அதற்குத்தானே டாக்டர் சான்று இருக்கிறது? ஓய்வில் இருப்பதாகச் சான்று வாங்கிக்கொண்டு வேறு இடத்தில் கூலிக்குப் போனால் அந்த நாளுக்கு உதவி கிடையாது என்று சட்டமே சொல்கிறது; அது சரிதான். ஆனால் ஒரு கேள்வி. வரவு செலவில் பொய் எழுதும் முதலாளி இருக்கிறான் என்பதற்காக எல்லாக் கம்பெனியையும் இழுத்து மூடிவிடுகிறோமா?

"சின்னக் காண்டிராக்டர் எங்கே போவான்?" என்பார்கள். அவருக்காகத்தான் ஐயா இன்சூரன்சே வந்தது! ஒருவன் தலையில் விழும் சுமையை ஊரே பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. மாதம் 676 ரூபாய் கட்டியவருக்குக் கால் மடங்கியவனின் கூலிப் பாரம் இல்லை. கட்டாமல் திருடியவருக்குத்தான் பாரம்.

"ஓய்வெடுக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று நம்மவரே கேட்பார்கள். அவர்களுக்கு ஒரு சரித்திரம். மேற்கு ஜெர்மனியில் ஆபீஸ் உத்தியோகஸ்தர் நோயில் விழுந்தால் ஆறு வாரம் முழுச் சம்பளம். பட்டறைத் தொழிலாளிக்கோ முதல் நாட்களுக்கு ஒன்றுமில்லை. பிறகும் குறைந்த தொகைதான். அங்கும் அதே காத்திருப்பு நாள்! 1956 அக்டோபர் 24இல் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்து உலோகத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கப்பல் கட்டும் துறையிலும் பட்டறைகளிலும் சுமார் 34,000 பேர், 114 நாள். நடுக் குளிர்காலத்தில், கிறிஸ்துமஸ் பண்டிகையையும் கூலியில்லாமல் கழித்தார்கள். 1957இல் சட்டம் ஓரளவு இறங்கிவந்தது. 1969இல் நிறைவேறிய சட்டம் மறு ஆண்டு முதல் தொழிலாளிக்கும் ஆறு வாரம் முழுக் கூலி என்று எழுதியது. அவர்கள் சோம்பேறிகளா? உலகத்துக்கே இயந்திரம் செய்து கொடுத்தவர்கள்!

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? 1918இல் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளிகள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் திரண்டபோது, வாடியாவும் திரு.வி.க.வும் அவர்களோடு நின்றபோது, முதலில் எழுந்த குறைகளில் ஒன்று என்ன தெரியுமா? சாப்பிட்டு மூச்சு விடக்கூட இடைவேளை போதவில்லை என்பது! நம் சங்க வரலாறே ஓய்வு கேட்டுத் தொடங்கியதுதான்.

என்ன செய்யப் போகிறோம்?

அடிபட்ட அன்றே, அந்த இடத்திலேயே, விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் தேதி, நேரம், இடம், கூட நின்ற இருவர் பெயர் இவற்றைத் தமிழில் ஒரு தாளில் எழுதிச் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் ஆக்கி அனுப்பச் சங்கத்தில் ஆள் உண்டு.

வெள்ளைத் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ போடாதீர்கள். வேலை செய்யாத நாளுக்கு ஆஜர் போடாதீர்கள்.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா, உங்கள் பத்து இலக்க எண் எது என்று இந்த மாதமே கேளுங்கள். கால் மடங்கிய பிறகு கேட்காதீர்கள். டிஸ்பென்சரி உண்டு, சனத்நகரில் பெரிய மருத்துவமனை உண்டு. அவை நம் காசில் நிற்கின்றன. பிச்சை கேட்கிற மாதிரி கூனிக் குறுகிப் போக வேண்டாம். சான்றோடு ஓய்வில் இருப்பவரை அந்தக் காலத்தில் வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ முதலாளிக்கு உரிமையில்லை என்று 1948 சட்டமே கட்டியிருந்தது. இந்தப் பாதுகாப்பைத் தளரவிடாமல் காப்பது நம் பொறுப்பு.

கட்டட வேலையில் ஆண்டுக்கு 90 நாள் உழைத்தவர்கள், 18 வயதுக்கு மேல் 60க்குள் இருப்பவர்கள், நல வாரியத்தில் பதியுங்கள். கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் நம் பெயரைச் சொல்லித்தான் வசூலாகிறது.

சர்க்காரிடம் நம் கோரிக்கை மூன்று. மூன்று நாள் கணக்கை ஒழி! அடிபட்ட முதல் நாள் முதல் முழுக் கூலி கொடு! வீட்டு வேலைப் பெண்களையும் தினக்கூலிகளையும் பதிவேட்டில் ஏற்று!

சட்டம் மாறும்வரை அடுப்பு காத்திருக்காது என்பதும் தெரியும். ஆகவே அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வைக்கிறோம். குடும்பத்துக்கு மாதம் ஒரு சிறு தொகை, அதிலிருந்து 'ஓய்வு நிதி'. கால் மடங்கியவர் வீட்டுக்கு முதல் வாரத்து அரிசியும் வாடகைப் பங்கும் சங்கத்திலிருந்து போகட்டும். மேஸ்திரிகளாக இருக்கும் நம் அண்ணன்மார்களும் அந்தக் கூட்டத்துக்கு வர வேண்டும். அடிபட்டவன் தமிழனோ, பீகாரியோ, ஒரியாவோ, அவன் இடத்தை ஒரு வாரம் அவனுக்கே வைத்திருப்போம் என்று அவர்கள் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்ல வேண்டும். சொல்கிறவருக்குச் சங்கம் துணை நிற்கும். மறுக்கிறவர் பெயரைச் சங்கம் மறக்காது.

கையும் காலும்தான் நாம் ஊரிலிருந்து கொண்டுவந்த மூலதனம். நிலம் இல்லை, வீடு இல்லை, பாங்கில் பணம் இல்லை. முதலாளி தன் லாரிக்கு அச்சு தேய்ந்தால் ஷெட்டில் நிறுத்திப் பழுது பார்க்கிறார். ஓட்டிக்கொண்டே இருந்தால் வண்டி போய்விடும் என்று அவருக்குத் தெரியும். லாரிக்கு உள்ள நியாயம் மனிதனின் முழங்காலுக்கு வேண்டாமா?

இனி யாராவது "சுளுக்குத்தானே" என்று சிரித்தால், திரும்பிக் கேளுங்கள்:

"கால் என்னுடையதுதானே?"